வழக்கறிஞர் பதில்: ‘கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கிகளில் எனக்கு எது சரி?’

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38, தனியாக வாழ்பவர். அவர் வேலை செய்யும் நிறுவனம் அவரை டாலஸ் நகரக் கிளைக்கு அனுப்புகிறது. எச்-1பி1 என்ற வேலை விசா கையில் வந்துவிட்டது. அங்கே வேலை பிற்பகலில் தொடங்கி இரவு பதினொரு மணிக்கு முடியும். அவருடைய அண்ணன் இருபது ஆண்டுகளாக ஹூஸ்டனில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன். “நீ வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சின்னப் பிஸ்டல் வாங்கித் தருகிறேன், கைப்பையிலேயே வைத்துக்கொள்” என்று சொல்லி நான்கு மாடல்களை அனுப்பியிருக்கிறார்: ரூகர் எல்சிபி மேக்ஸ், க்ளாக் 42, சிக் சாவர் பி365, ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர்.

வாசகியின் கேள்விகள் இவை. தன் சிறிய கைக்கு இந்த நான்கில் எது பொருந்தும்? டெக்சஸில் உரிமமே தேவையில்லை என்கிறார்களே, அப்படியானால் விசா ஒரு பொருட்டில்லைதானே? போவதற்கு முன் சிங்கப்பூரில் பயிற்சி எடுக்க முடியுமா? தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்க வரும்போது துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வருவார். ஆனால் பெட்டிக்குள் ஒரு காலி மேகசின் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) தங்கிவிட்டால் தவறா? கடைசியாக, போகிற போக்கில் ஒரு விஷயம்: அண்ணன் மகன் ஒரு துப்பாக்கியின் முப்பரிமாண அச்சுக் கோப்பை அனுப்பியிருக்கிறான். “அச்சடித்துக் கையில் பிடித்துப் பாருங்கள் அத்தை, அளவு தெரிந்துவிடும்” என்றானாம். அலுவலகத்தில் அந்த அச்சு இயந்திரம் இருக்கிறது, அச்சடிக்கலாமா?

கடிதத்தின் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆள் அவரை எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் வரை பல இரவுகள் பின்தொடர்ந்திருக்கிறான். “அன்று பைக்குள் ஏதாவது இருந்திருந்தால் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். கடைசியில் எழுதியதுதான் மிக அவசரமானது.

முதலில் அந்தக் கோப்பு

அச்சடிக்காதீர்கள். அலுவலகத்தில் மட்டுமல்ல, எங்கேயும் வேண்டாம். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

2021-ல் நம் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியபோது, புதிதாகச் சேர்க்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று: ஒரு துப்பாக்கியையோ அதன் முக்கியப் பாகத்தையோ செய்ய உதவும் மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். அச்சடித்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பையன் அனுப்பியது வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும் வெறும் பொம்மை அச்சாக இருக்கலாம். அப்படியானால் கதை வேறு. ஆனால் திரையில் பார்த்து இது பொம்மையா, பாகமா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. கோப்பு செங்காங்கில் உள்ள உங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டதால் சட்டம் பார்ப்பது உங்களை. இந்த வாரமே ஒரு குற்றவியல் வழக்கறிஞரை நேரில் பார்த்து, கோப்பை என்ன செய்வது என்று அவர் சொல்கிறபடி செய்யுங்கள். சமூகச் சட்ட ஆலோசனை மையங்களில் இதற்குக் கட்டணமும் கிடையாது. அண்ணன் மகனிடம் இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அன்பாகவே சொல்லிவிடுங்கள்.

டெக்சஸ் சொல்வது ஒன்று, விசா சொல்வது வேறு

அண்ணன் பொய் சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நியூயார்க் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஆனால் டெக்சஸ் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவராக இருக்க வேண்டும். உங்களுக்குத் தடை இருக்கிறது.

அந்தத் தடை மாநிலச் சட்டத்தில் இல்லை, கூட்டரசுச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் பாகம், 922-ஆம் பிரிவு, தற்காலிக விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. எச்-1பி1 என்பது 2004-ல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர் - அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் வழியாக நம்மவர்களுக்குக் கிடைத்த விசா. எத்தனை முறை புதுப்பித்தாலும் அது தற்காலிக விசாதான். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை ஆகாது. இந்தப் பிரிவை மீறினால் 2022-ல் உயர்த்தப்பட்டபடி 15 ஆண்டுவரை சிறை. ஆயுதக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்தவும் அங்கே சட்டத்தில் தனி விதி உண்டு.

‘வைத்திருப்பது’ என்பதற்குப் பொருள் நீங்கள் நினைப்பதைவிட அகலமானது. துப்பாக்கி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் காரின் பெட்டியில், உங்கள் பையில், நீங்கள் சாவி வைத்திருக்கும் அலமாரியில் இருந்தாலே போதும். சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் அடங்கும்.

உங்கள் தோழி லாஸ் வேகஸில் சுட்டுப் படம் எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் விசாவே இல்லாமல், சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு உள்ள விசா விலக்கில் போயிருப்பார். அப்படி நுழைந்தவர்களை இந்தப் பிரிவு தொடுவதில்லை. உங்களுக்கு விசா இருக்கிறது என்பதே உங்களை அதற்குள் கொண்டுவருகிறது. விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அங்கே சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணன் தன் பெயரில் வாங்கினால்?

அவர் இன்னும் பெரிய சிக்கலில் மாட்டுவார். அங்கே உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். உண்மையில் வாங்குபவர் நீதானா என்பது அதில் ஒரு கேள்வி. தடை உள்ள ஒருவருக்காக வாங்கிவிட்டு ‘எனக்குத்தான்’ என்று எழுதுவது குற்றம். தடை இருப்பது தெரிந்தும் அவருக்குத் துப்பாக்கி கொடுப்பதும் தனிக் குற்றம். தங்கைக்குப் பரிசு, பிறந்த நாள் அன்பளிப்பு என்று சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது. பாசத்தால் செய்ய நினைக்கிறார், அது எனக்குப் புரிகிறது. இந்தப் பகுதியை அவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வார விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போவீர்கள், அவரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கும். அது அவருடைய பெட்டகத்தில் பூட்டியிருக்கட்டும், அதன் எண் உங்களுக்குத் தெரிய வேண்டாம். அவர் காரை இரவல் வாங்கும்போது முன்பெட்டியில் எதுவும் இல்லை என்று அவரையே பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

வேட்டை உரிமம் என்ற வழி

இதை நான் மறைக்கப் போவதில்லை. நான் சொல்லாவிட்டாலும் அண்ணனின் நண்பர்கள் யாராவது சொல்வார்கள். அதே சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அந்தத் தடை பொருந்தாது. வேட்டைக்கே போகாத பலர் இந்த விலக்கின் மூலம் கைத்துப்பாக்கி வாங்குகிறார்கள். அதுவும் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

ஆனால் டெக்சஸில் வேட்டை உரிமத்தின் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிகிறது. எப்போது வாங்கினாலும் அன்றுதான் முடிவு. செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் நீங்கள் புதுப்பிக்க மறந்திருந்தால், முந்தைய நாள்வரை சட்டப்படி பையில் இருந்த அதே துப்பாக்கி 15 ஆண்டுத் தண்டனைக்குரிய பொருளாகிவிடும். முதல் முறை உரிமம் எடுக்க உங்கள் வயதுக்காரர்கள் வேட்டையாளர் பயிற்சி வகுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசா நிலை மாறும்போது, வேலை மாறும்போது, மாநிலம் மாறும்போது எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். டாலஸில் சரியாக இருப்பது அலுவல் பயணமாக நியூயார்க் போனால் குற்றம், ஏனென்றால் அந்த மாநிலத்தின் உரிமம் உங்களிடம் இருக்காது.

இந்த வழியில் போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், டெக்சஸில் தொழில் செய்யும் குடிநுழைவு வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கருத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதையோ அண்ணன் சொல்வதையோ நம்பிப் போகாதீர்கள். என் கருத்து கேட்டால், உங்கள் நிலையில் நான் இதைச் செய்ய மாட்டேன். காரணம் சட்டம் மட்டுமல்ல, அந்தச் சின்னத் துப்பாக்கிகளும்தான்.

சரி, அந்த நான்கையும் பார்ப்போம்

நான் துப்பாக்கி வியாபாரி இல்லை. தயாரிப்பாளர்கள் வெளியிடும் அளவுகளையும், தேசியச் சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சியில் கைக்குப் பழகியதையும் வைத்துச் சொல்கிறேன்.

அண்ணனின் பட்டியலில் எடையும் தோட்டா எண்ணிக்கையும் மட்டும் இருக்கின்றன. ரூகர் எல்சிபி மேக்ஸ் 2021-ல் வந்தது. வெறும் எடை ஏறத்தாழ 300 கிராம், பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின். க்ளாக் 42 2014-ல் வந்தது, சுமார் 390 கிராம், ஆறு தோட்டா. இரண்டும் .380 என்ற ரகத் தோட்டாவைப் பயன்படுத்துபவை. சிக் பி365 2018-ல் வந்தபோது பலரையும் வியக்க வைத்தது. அவ்வளவு சிறிய உடலில் பத்து 9 மி.மீ. தோட்டாக்கள், எடை ஏறத்தாழ அரைக் கிலோ. ஸ்மித் அண்ட் வெசன் 642 ஐந்து குண்டு ரிவால்வர், .38 ஸ்பெஷல் ரகத் தோட்டா, 400 கிராமுக்குச் சற்று மேல். .380-க்கும் 9 மி.மீ.க்கும் குண்டின் பருமன் ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவதன் தோட்டா உறை 17 மி.மீ. நீளம், இரண்டாவதன் உறை 19 மி.மீ., உள்ளே அழுத்தமும் அதிகம்.

பட்டியலைப் பார்த்தால் ‘300 கிராம்தானே, கை சிறியது, எனக்கு இதுவே சரி’ என்று தோன்றும். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர் எதிர். தோட்டா பின்னுக்குத் தள்ளும் விசை மாறாது. அதைத் தாங்கும் எடை குறையக் குறைய உதை முழுக்கக் கைக்கு வரும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டு விரல் காற்றில் தொங்கும். குறிபார்க்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் குறைவு என்பதால் கை மயிரிழை அசைந்தாலும் குண்டு தள்ளிப் போகும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் இந்த லேசான அரைத் தானியங்கிகளில் ஸ்லைடு (சுடும்போது பின்னுக்கு நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னுக்குப் போகாமல், காலித் தோட்டா உறை சிக்கிக்கொள்வதும் உண்டு. ரிவால்வரில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் 642-இன் சுடும் விசையை (டிரிக்கர்) நீளமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். விரல் வலு இல்லாதவர் இழுக்கும்போதே குறி கீழே சரியும். பிறந்ததிலிருந்தே துப்பாக்கியோடு வளர்ந்தவர்கள்கூட இந்தச் சிறியவற்றைத் தேர்ந்தவர் கையாளும் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். தொடக்கநிலைக்காரரின் சிறிய கைக்காகவே செய்யப்பட்ட துப்பாக்கிகள் வேறு உண்டு. ஸ்மித் அண்ட் வெசனின் 380 ஷீல்ட் ஈஇசட் அப்படி ஒன்று, ஸ்லைடை எளிதாக இழுக்கலாம். ஆனால் அது அரைக் கிலோவுக்கு மேல், சட்டைப்பையில் அடங்காது. நான்கில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சுடுவதற்கு எளிது பி365, மறைப்பதற்கு எளிது எல்சிபி மேக்ஸ். இரண்டும் ஒரே துப்பாக்கியில் கிடைக்காது.

கைப்பை என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு மிகவும் கவலை. பைக்குள் சாவிக்கொத்து, உதட்டுச்சாயம், சார்ஜர் கம்பி எல்லாம் கிடக்கும். சுடும் விசையை மூடும் துப்பாக்கி உறை இல்லாமல் அதனுள் துப்பாக்கியைப் போட்டால் எது எதில் மாட்டும் என்று சொல்ல முடியாது. இந்த ரகத்தில் பல மாடல்களுக்குக் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டே கிடையாது. உறை போட்டாலும் பை உங்கள் உடலில் இல்லை; நாற்காலியில், தள்ளுவண்டியில், பக்கத்து இருக்கையில் இருக்கும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த துப்பாக்கியை எடுத்தது. தாய் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது, கணவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பரிசு. அந்தப் பெண் அனுபவம் இல்லாதவரும் அல்ல. அண்ணன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

சிறியது மறந்துபோகும்

2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. அதிகம் பிடிபடும் விமான நிலையங்களில் நீங்கள் பயன்படுத்தப் போகும் டாலஸ் ஃபோர்ட் வொர்த்தும் ஒன்று. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சொல்வது, பையில் இருந்ததே நினைவில்லை என்பதுதான். மறக்கும் அளவுக்குச் சிறியதாக இருப்பதே அந்தத் துப்பாக்கியின் விற்பனைக் காரணம். டெக்சஸில் வாழ்ந்து டெக்சஸிலேயே இருப்பவருக்கு மறதியின் விலை ஓர் அபராதத்தோடு முடியலாம். உங்கள் பை தீபாவளிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வரும். அதனால்தான் இந்த அளவில் உள்ள எந்தத் துப்பாக்கியும் உங்களுக்குச் சரி இல்லை என்கிறேன்.

இங்கே 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, ஆண்களுக்கு ஆறுக்குக் குறையாத பிரம்படி. சுட்டால் மரண தண்டனை. யாரும் சாக வேண்டியதில்லை, காயம்கூட ஏற்பட வேண்டியதில்லை. ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. எனவே காலி மேகசின் வெறும் தகரப் பெட்டி என்ற உங்கள் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு தோட்டா பையின் ஓரத் தையலில் தங்கிவிட்டாலும் அப்படியே. தெரியாமல் கிடந்தது என்பது நல்ல வாதம், வெற்றி பெறவும் கூடும். ஆனால் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு, விசாரணை அறையில் உட்கார்ந்து, வேலைக்குத் திரும்ப முடியாமல்தான் அந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். டெக்சஸ் உரிமமோ வேட்டை உரிமமோ இங்கே எதற்கும் உதவாது.

தேசியச் சேவை முடித்த எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். சுடுதளத்திலிருந்து கிளம்பும் முன் பைகளையும் உறைகளையும் வெளியே இழுத்துக் காட்டி, தோட்டாவோ காலி உறையோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். மழையில் நனைந்து, சோறு ஆறிக்கொண்டிருந்தாலும் ஓர் உறை குறைந்தால் மொத்தப் படையணியும் புல்லில் தேடும். நம் நாடு இந்த விஷயத்தை அப்படிப் பார்க்கிறது.

டாலஸில் வாங்கும் மற்றவையும் இதில் சேரும்:

- மிளகுத் தெளிப்பான். டெக்சஸில் சிறிய புட்டியை யாரும் வாங்கலாம், சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது. சாவிக்கொத்து என்பதால் பெட்டி கட்டும்போது கண்ணில் படாது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.
- மின்னதிர்வுக் கருவி. அதுவும் அப்படியே.
- தோட்டாவில் செய்த பதக்கம், சாவி வளையம், அச்சு அசல் துப்பாக்கி போன்ற பொம்மை. மருமகன்கள் பரிசாகக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டர்கூட நம் சுங்கத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது.

இங்கே பயிற்சி

முடியும், ஆனால் வேறு நோக்கத்துக்கு. பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடும் நிலையம் இருக்கிறது, சங்கங்கள் வழியாகச் சேரலாம். துப்பாக்கிகள் அங்கேயே இருக்கும். பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு அங்கே யாரும் கற்றுத்தர மாட்டார்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் தியோ ஷுன் சியே தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில்தான். விளையாட்டாகப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். பத்து மீட்டரில் நின்று நிதானமாகக் குறிபார்ப்பது, இரவில் ஒருவன் கையைப் பிடிக்கும் நொடிக்குத் தயார்ப்படுத்தாது.

இரவு பதினொரு மணி

உங்கள் உண்மையான கேள்வி இங்கே இருப்பதாக நினைக்கிறேன். அன்று பையில் ஏதாவது இருந்திருந்தால் நடுங்கியிருக்க மாட்டேன் என்கிறீர்கள். என்னிடம் வந்த இப்படிப்பட்ட வழக்குகளில், பின்தொடர்ந்தவன் நெருங்கி வரும்வரை ஆபத்து என்று உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபோது எடுக்க நேரம் இருந்ததில்லை. நீங்கள் நடுங்கியது பலவீனம் அல்ல. உடம்பு சரியாகத்தான் எச்சரித்தது. அதை நம்பி, அவன் நெருங்குவதற்கு முன்பே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, எதற்கும் விசா தடையில்லை.

வாடகை வீடு எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் சொத்துச் சட்டப்படி வீட்டுக்காரர் தன் செலவில் வெளிக்கதவுக்கு உள்ளிருந்து மட்டும் போடும் சாவியில்லாத தாழ்ப்பாள், கதவில் பார்வைத் துளை, ஜன்னல் கொக்கி, நகரும் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுக் கம்பி ஆகியவற்றைப் போட்டுத் தர வேண்டும். நீங்கள் குடிவந்த ஏழு நாளுக்குள் பழைய குடித்தனக்காரரின் சாவி வேலை செய்யாதபடி பூட்டை மாற்றியும் தர வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனத்திடமும் கேளுங்கள். கார் நிறுத்துமிடம் வரை காவலாளி உடன் வருவது, வாசலுக்கு அருகே இடம் ஒதுக்குவது, இரவு முடியும் நேரத்தை மற்றவர்களோடு சேர்த்து வைப்பது என்று இடமாற்றப் பேச்சின்போது கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். போன பிறகு கேட்டால் மின்னஞ்சல் ஓடிக்கொண்டே இருக்கும். மிளகுத் தெளிப்பானை அங்கேயே வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யாராவது பின்தொடர்ந்தால் 911-க்கு அழைக்கவும், நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கவும் நீங்கள் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. பின்தொடர்தலுக்கு ஆளானவர் வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளவும் டெக்சஸ் சட்டத்தில் வழி இருக்கிறது.

அப்புறம், இங்கே நடந்தது. அந்த ஆளைப் பற்றி நீங்கள் போலீசில் புகார் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. 2014-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் பின்தொடர்தல் தனிக் குற்றம், 12 மாதம்வரை சிறையோ 5,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். நீங்கள் போனாலும் அம்மா அதே புளோக்குக்கு வந்துபோவார், நீங்களும் தீபாவளிக்கு வருவீர்கள். அவன் வந்த நாட்கள், நேரம், என்ன உடை, யார் பார்த்தார்கள் என்று நினைவில் உள்ளதை இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள். விமானம் ஏறுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு செங்காங் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், கோப்பு விஷயமாக நீங்கள் பார்க்கப் போகும் அதே வழக்கறிஞரையும் உடன் வரச் சொல்லலாம்.